மரவள்ளித் திப்பியில் பைகள் செய்தால் என்ன?

ஆத்தூரான்:
சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மரவள்ளிக்கிழங்கை அரைத்து மாவுப்பாலை வடித்த பிறகு நிற்கும் சக்கைதான் திப்பி. காய்ந்த திப்பியில் பாதியளவு இன்னும் மாவுச்சத்துதான், மீதியில் பெரும்பங்கு நார். மாவோடு கிளிசரினும் தண்ணீரும் சேர்த்துச் சூடாக்கி அழுத்தினால் பிளாஸ்டிக் போலவே இளகி அச்சில் உட்காரும், நார் அதற்கு வலு கொடுக்கும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கேரிபேக்குக்குத் தடை. இன்னமும் கடைக்குக் கடை தொங்குகிறது. மாற்றுப் பொருளை நம் மாவட்டமே மூட்டை மூட்டையாக வைத்திருக்கிறது. சேலத்தில் இதற்கு ஒரு தொழில் வர வேண்டும் என்கிறேன்.

வாழப்பாடி மாட்டுக்காரர்:
திப்பியை நீங்கள் சக்கை என்கிறீர்கள், எங்களுக்கு அது தீவனம். ஆறு மாடு வைத்திருக்கிறேன். தவிட்டோடு கலந்து ஊறவைத்துத் தொட்டியில் ஊற்றினால் சத்தமில்லாமல் குடிக்கும். அதைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறேன். நாளைக்குத் தொழிற்சாலைக்காரர் வந்து மூட்டைக்கு நூறு ரூபாய் கூட வைத்தால் நான் எங்கே போவேன்? ஏற்கெனவே ஒரு வாய் தின்று கொண்டிருக்கும் பொருளைக் கழிவு என்று எழுதாதீர்கள்.

கடைவீதி மெஸ்:
மாவுப் பை என்று சொல்லி விற்றதை வாங்கிச் சாம்பார் பார்சல் கட்டிப் பார்த்தவன் நான். பத்து நிமிடத்தில் அடிப்பக்கம் கொழகொழவென்று ஆகி, வாடிக்கையாளர் வண்டியெல்லாம் சாம்பார். மாவு தண்ணீரை இழுக்கும், அது அதன் குணம். அப்புறம் 'மக்கும் பை' என்று வேறொன்று வந்தது. கடைக்குப் பின்னால் செம்பருத்தித் தொட்டியில் புதைத்து மூன்று மாதம் கழித்துத் தோண்டினேன். எங்கள் மெஸ் பெயர் அழியாமல் படிக்கிற மாதிரி இருந்தது! விசாரித்ததில், அந்த வகைப் பைகள் பலவற்றில் மாவோடு சேர்ப்பது பெட்ரோலியத்திலிருந்து வரும் பிபிஏடி என்ற பாலிமர். மக்கும்தான், ஆனால் ஆலையில் 60 டிகிரி அளவுக்குச் சூடு வைத்து மக்க வைக்க வேண்டும். செம்பருத்தித் தொட்டிக்கு அந்தச் சூடு ஏது? இப்போது சாம்பாருக்குத் தூக்குவாளி கொண்டு வருபவருக்கு ஐந்து ரூபாய் குறைக்கிறேன். சாப்பாடு வாழை இலையில்.

ஆத்தூரான்:
அண்ணே, சாம்பாருக்கு ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். தண்ணீர் பட்டால் கரைவது எங்கே குறையில்லை என்று யோசித்தேன். நாற்றுப் பை! ஏற்காட்டில் காப்பி நாற்றெல்லாம் கறுப்புப் பாலிதீன் பையில்தானே நிற்கிறது? பையோடு குழியில் வைத்துவிடலாம். மாட்டுக்காரரே, நல்ல திப்பி உங்களுக்கே இருக்கட்டும். ஐப்பசி மழையில் களத்தில் காயாமல் பூஞ்சை பிடித்துப் புளித்துப்போவதை மாட்டுக்கு வைப்பீர்களா?

வாழப்பாடி மாட்டுக்காரர்:
அதை வைக்க மாட்டேன். வைத்தால் மாட்டுக்குக் கழிச்சல். ஆனால் களத்தில் காயாததை நீங்கள் எதில் காயவைப்பீர்கள்? விறகு எரித்தா? அந்தக் கணக்கையும் போடுங்கள்.

சேர்வராயன் காப்பி:
நாற்றங்கால் வைத்திருப்பவன் என்பதால் சொல்கிறேன். நடும்போது பிளேடால் பையைக் கிழித்து உருவுகிறோம். அவசரத்தில் அடித்துண்டு குழியிலேயே தங்கிவிடும். பத்து வருடத்துக்கு முன் நட்ட வரிசையில் கொத்தினால் இன்றைக்கும் கறுப்புத் துண்டு வேரைச் சுற்றிக்கொண்டு வருகிறது. எனக்கு அது மனதை உறுத்துகிறது.

ஆனால் மாசியில் பைக்கு மாற்றினால் ஆனி, ஆடி வரை நாற்று அதில் நிற்க வேண்டும். தினமும் பூவாளித் தண்ணீர். வெறும் திப்பிப் பை இரண்டு வாரம் தாங்காது, தாங்கினாலும் கரையான் விடாது. காப்பிப் பழத்தோலை உரக்குழிக்குப் போடுகிறோம், அதைத் தர முடியாது. கொட்டையை உரிக்கும்போது வரும் காய்ந்த தொலி வேறு. மரத்தூள் மாதிரி கெட்டி, தண்ணீரை அவ்வளவு சீக்கிரம் இழுக்காது. தொலி முக்கால், புளித்த திப்பி கால், பசைக்கு மட்டும் மாவு என்று அழுத்திப் பாருங்கள்.

பாக்குமட்டை பிரஸ்:
மட்டைத் தட்டுக்குப் பசையே வேண்டாம், ஊறவைத்துச் சூட்டில் அழுத்தினால் போதும். இயற்கைதானே என்று நாங்களும் நிம்மதியாக இருந்தோம். 2025-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், பாக்கின் அரிகோலின் போன்ற நச்சுப் பொருள்கள் உணவில் இறங்கக்கூடும் என்று இந்தத் தட்டுகளை எதிர்த்தது. மரவள்ளியிலும் சயனைடு உண்டு. சோறு படும் பொருள் எதையும் சோதிக்காமல் விற்காதீர்கள். நாற்றுப் பையில் அந்த பயம் இல்லை.

ஆத்தூரான்:
சரி, கேரிபேக் பேச்சை விட்டுவிடுகிறேன். தொலி ஒரு மூட்டை கிடைக்குமா? பைக்குப் பதில் இருபது நாற்றுத் தொட்டியாக அழுத்தித் தருகிறேன்.

சேர்வராயன் காப்பி:
வாங்கிக்கொள்ளுங்கள். பத்தில் நாற்று வைக்கிறேன், பத்தைச் சும்மா கரையான் புற்றோரம் வைக்கிறேன். ஆடியில் படம் போடுகிறேன்.

வாழப்பாடி மாட்டுக்காரர்:
பூஞ்சைத் திப்பி என்னிடம் நாலு மூட்டை கிடக்கிறது. காசு வேண்டாம், வந்து தூக்கிக்கொள்ளுங்கள். நல்ல மூட்டையைத் தொடக் கூடாது, அவ்வளவுதான்.