வீட்டு குரூப்: தம்பியோட கேமிங் பிசி லிஸ்ட்

தம்பி [8:10]: லிஸ்ட் போடுறேன், ஒரு தடவை பாத்துடுங்க. நாளைக்கு ஆர்டர் போடணும்.
பிராசஸர்: ரைசன் 7 7800எக்ஸ்3டி
போர்டு: பி650, மைக்ரோ ஏடிஎக்ஸ் (சின்ன சைஸ்)
ரேம்: டிடிஆர்4 3600, 16 ஜிபி ரெண்டு, பழைய பிசில இருக்கிறதே
கிராபிக்ஸ் கார்டு: ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ, மூணு ஃபேன், நீளம் 330 மிமீ
கூலர்: 360 லிக்விட் கூலர், கேபினெட் முன்பக்கம்
எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை): 650 வாட்
எஸ்எஸ்டி: 1 டிபி எம்.2
கேபினெட்: கார்டுக்கு 360 மிமீ இடம் இருக்காம்

அக்கா [8:13]: ரேம் அவுட்.

அக்கா [8:14]: பி650ன்னா ஏஎம்5 சாக்கெட் (பிராசஸர் உக்கார்ற இடம்). அதுல டிடிஆர்5 மட்டும்தான். டிடிஆர்4 ரேம் குச்சில கீழ இருக்கிற வெட்டு வேற இடத்துல இருக்கும், ஸ்லாட்ல உக்காரவே உக்காராது. அமுக்கிப் பாத்துடாதே.

தம்பி [8:15]: ரெண்டு ரேமுக்கும் போர்டு வருதுன்னு படிச்சேனே அக்கா?

அக்கா [8:16]: அது இன்டெல்டா. எல்ஜிஏ1700, அதாவது 12, 13, 14வது தலைமுறை. அதுக்கு டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. ஏஎம்5ல அந்த வசதி இல்ல.

அண்ணன் [8:17]: டிடிஆர்5, வேகம் 6000, தாமத அளவு சிஎல்30, எக்ஸ்போன்னு (ஏஎம்டியோட ரேம் வேக செட்டிங்) போட்ட 16 ஜிபி ரெண்டு குச்சி கிட் எடு. பின்னாடி இன்னொரு கிட் வாங்கி நாலாக்கிக்கலாம்னு மட்டும் நினைக்காதே. ரைசன் 7000க்கு ஏஎம்டி சொல்ற கணக்கு ரெண்டு குச்சிக்கு 5200, நாலு குச்சிக்கு 3600. 6000ங்கறதே அதுக்கு மேல ஓட்டுறதுதான். ரெண்டுல நல்லா ஓடும், நாலுல பல போர்டு பூட்டே ஆகாம மக்கர் பண்ணும். 64 வேணும்னா இப்பவே 32 ரெண்டா வாங்கு.

தம்பி [8:18]: 32 போதும். கார்டு 330, கேபினெட் 360. அது ஓகேதானே?

அண்ணன் [8:20]: இல்ல. 360ங்கறது முன்னாடி ஒண்ணும் மாட்டாதப்போ. லிக்விட் கூலரோட ரேடியேட்டர் தடிமன் 27, ஃபேன் 25, மொத்தம் 52. 360ல 52 போனா 308. உன் கார்டு 330. 22 மிமீ இடிக்கும்.

தம்பி [8:20]: 😬

அண்ணன் [8:21]: மேல மாட்டலாம்னா கேபினெட் பேஜ்ல மேல 360 ரேடியேட்டர்னு தனியா போட்டிருக்கணும். முன்னாடி பிடிக்குதுன்னா மேலயும் பிடிக்கும்னு அர்த்தம் இல்ல.

அக்கா [8:22]: அவனுக்கு லிக்விட் கூலரே எதுக்கு? 7800எக்ஸ்3டி கேம்ல இழுக்கிற கரண்ட் ரொம்பக் கம்மி. அதோட வெப்ப உச்ச வரம்பு 89 டிகிரி. வெப்பம் வெளிய வர்றதுக்கு சிப் மேல இருக்கிற கேஷ் (வேக மெமரி) அடுக்குதான் தடை, அதனால எவ்ளோ பெரிய கூலர் போட்டாலும் கொஞ்சம் சூடாத்தான் காட்டும். ரெண்டு ஃபேன் வச்ச டவர் கூலர் தாராளம்.

தம்பி [8:24]: 155 மிமீ உயரத்துல ஒண்ணு பாத்தேன். கேபினெட்ல கூலருக்கு 160ன்னு இருக்கு.

அண்ணன் [8:25]: நிக்கும், ஆனா 5 மிமீதான் மிச்சம். இப்ப ரேம் உயரத்தைப் பாரு. ஆர்ஜிபி லைட் வச்ச குச்சி 44 மிமீ வரைக்கும் வரும். கூலரோட முன் ஃபேன் ரேம் மேலதான் நிக்கும். குச்சி உயரமா இருந்தா ஃபேனை ஏத்தி மாட்டணும், ஃபேன் கூலரைத் தாண்டி மேல போகும், பக்கவாட்டு கண்ணாடி மூடாது. லைட் இல்லாத 32லிருந்து 34 மிமீ குச்சி எடுத்தா இந்த வம்பே இல்ல.

அக்கா [8:26]: லைட் வேணும்னு அழுவான் பாரு.

தம்பி [8:26]: அழலை அக்கா. லைட் கட்.

சித்தப்பா [8:31]: 650 வாட் யார் சொன்னது?

தம்பி [8:31]: ஒரு வீடியோல சித்தப்பா.

சித்தப்பா [8:34]: கார்டு மட்டும் 300 வாட். என்விடியா அந்தக் கார்டுக்குப் போட்டிருக்கிறதே 750. கேம்ல திடீர்னு காட்சி மாறும்போது கண் சிமிட்டுற நேரத்துக்குக் கார்டு அதோட அளவைத் தாண்டி இழுக்கும். சப்ளை தாங்கலைன்னா ஸ்க்ரீன்ல எர்ரர் எதுவும் வராது, பொசுக்குன்னு ஆஃப் ஆயிடும். அப்புறம் எல்லாரும் விண்டோஸைத் திட்டிக்கிட்டு ரீஇன்ஸ்டால் பண்ணுவாங்க. 750 வாட், ஏடிஎக்ஸ் 3.1 (பவர் சப்ளையோட புது தரம்), கார்டுக்கு 16 பின் கேபிள் நேரா வர்ற மாதிரி எடு.

சித்தப்பா [8:36]: அந்த 16 பின்னைப் பத்தி இன்னொண்ணு. 300 வாட்டை 12 வோல்ட்டால வகுத்தா 25 ஆம்பியர். அது 12 வோல்ட் கொண்டு வர்ற ஆறு பின்ல பிரியணும், ஒண்ணுக்கு நாலு ஆம்பியர் சொச்சம். கனெக்டர் சாஞ்சு உக்காந்தா ரெண்டு மூணு பின் மொத்தத்தையும் சுமக்கும், பிளாஸ்டிக் உருகும். கிளிப் விழுந்துச்சான்னு பாரு, இடைவெளி தெரியாம அடிவரைக்கும் போயிருக்கணும். கனெக்டர்லேர்ந்து 35 மிமீ வரைக்கும் கேபிளை மடக்காதே. கண்ணாடி கேபிளை அமுக்குற மாதிரி கேபினெட் அகலம் கம்மியா இருந்தா அதுவும் பிரச்சனைதான்.

தம்பி [8:38]: பழைய எஸ்எம்பிஎஸ் கேபிள் கொஞ்சம் இருக்கு. ஹார்ட் டிஸ்க்குக்கு அதையே புதுசுல சொருகிக்கலாமா? அதே மாதிரிதான் இருக்கு.

சித்தப்பா [8:38]: கூடவே கூடாது.

சித்தப்பா [8:40]: டிஸ்க் பக்கத்து முனைதான் எல்லாத்துக்கும் ஒண்ணு. சப்ளை பக்கத்து முனைல எந்தப் பின்ல எத்தனை வோல்ட்ங்கறது கம்பெனிக்குக் கம்பெனி, ஏன் ஒரே கம்பெனி மாடலுக்கு மாடலே மாறும். சொருகினா சரியாப் போய் உக்காரும். அதுதான் ஆபத்து. 5 வோல்ட் போக வேண்டிய கம்பில 12 வோல்ட் போகும், டிஸ்க் அங்கேயே காலி.

அக்கா [8:42]: போர்டுக்கு வருவோம். பி650 வந்தது 2022ல, 7800எக்ஸ்3டி வந்தது 2023 ஏப்ரல்ல. பழைய ஸ்டாக் போர்டுன்னா பயாஸ் (போர்டோட அடிப்படை மென்பொருள்) அப்டேட் பண்ணியே ஆகணும். ஆரம்பத்துல எஸ்ஓசி வோல்டேஜ் (பிராசஸர்ல மெமரி கன்ட்ரோலர் பகுதிக்குப் போறது) அதிகமாப் போய் சில எக்ஸ்3டி சிப் கருகிச்சு, அப்புறம் புது பயாஸ்ல அதை 1.3 வோல்ட்டுக்குள்ள கட்டிட்டாங்க. பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் (பென்டிரைவ்லேர்ந்தே பயாஸ் ஏத்துறது) இருக்கிற போர்டா எடு. பென்டிரைவை எஃப்ஏடி32ல ஃபார்மேட் பண்ணி, ஃபைலுக்கு மேனுவல்ல சொன்ன பேரை வச்சு, அதுக்குன்னு குறிச்ச யுஎஸ்பி ஓட்டைல போடணும். பேர்ல ஒரு எழுத்து தப்பினாலும் எடுக்காது.

அண்ணன் [8:44]: எஸ்எஸ்டில என்விஎம்இன்னு எழுதியிருக்கான்னு பாரு. எம்.2ங்கறது வடிவம்தான், சாட்டாங்கற மெதுவான வகையும் அதே வடிவத்துல வரும். பிராசஸருக்குப் பக்கத்து ஸ்லாட்ல போடு.

தம்பி [8:46]: மாட்டும்போது எதுல கவனமா இருக்கணும்?

அக்கா [8:49]: ஏஎம்5ல பின் எல்லாம் போர்டு சாக்கெட்லதான், முடி மாதிரி இருக்கும். மேல இருக்கிற கறுப்பு பிளாஸ்டிக் மூடியை நீ எடுக்காதே. பிராசஸர் மூலை முக்கோணத்தைச் சாக்கெட் முக்கோணத்தோட சேத்து வச்சு லிவரை இறக்கு, மூடி தானா எகிறி வந்துடும். அதை எடுத்து வை, வாரண்டிக்குப் போர்டை அனுப்பணும்னா கேப்பாங்க.

அண்ணன் [8:51]: கேபினெட்ல ஏடிஎக்ஸ் போர்டுக்கும் சேத்து பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்குற குட்டித் தூண்) போட்டு வச்சிருப்பாங்க. உன்னுது மைக்ரோ. போர்டுல ஓட்டை இல்லாத இடத்துல ஸ்டாண்ட்ஆஃப் நின்னா கழட்டிடு, பின்பக்க சால்டரைத் தொட்டா ஷார்ட். ரேமை, பிராசஸர்லேர்ந்து எண்ணி 2வது, 4வது ஸ்லாட்ல போடு.

அக்கா [8:52]: முதல் தடவை ஆன் பண்ணினா சில நிமிஷம் ஸ்க்ரீன் கறுப்பாவே இருக்கும். ரேம் ட்ரெயினிங், அதாவது போர்டு ரேமைச் சோதிச்சு செட் பண்றது நடக்குது. பயந்து ஆஃப் பண்ணினா திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். வந்ததும் பயாஸ்ல எக்ஸ்போவை ஆன் பண்ணு, இல்லைன்னா 6000 ரேம் பெரும்பாலும் 4800லயே கிடக்கும்.

அண்ணன் [8:53]: மானிட்டர் கேபிள் கார்டுல. போர்டுல சொருகினாலும் படம் வரும், ஏன்னா இந்த பிராசஸர்ல குட்டி கிராபிக்ஸ் இருக்கு. படம் வருதேன்னு விட்டா கேம் திக்கித் திணறும், காரணமே புரியாது. விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ல ஹெர்ட்ஸையும் (ரிஃப்ரெஷ் ரேட்) பாரு, 60லயே நிக்கும்.

தம்பி [8:58]: சரி, மாத்திட்டேன். டிடிஆர்5 6000 சிஎல்30 16×2, உயரம் 33. டவர் கூலர் 155. 750 வாட் ஏடிஎக்ஸ் 3.1. ஃப்ளாஷ்பேக் பட்டன் வச்ச பி650. மத்ததெல்லாம் அதே.

அக்கா [8:59]: அந்த போர்டு பேஜ்ல சிபியு சப்போர்ட் லிஸ்ட் திறந்து, 7800எக்ஸ்3டி நேர எந்த பயாஸ் வெர்ஷன்னு குறிச்சுக்கோ.

அண்ணன் [9:01]: கேபினெட் முன்னாடி டைப்-சி இருக்கு இல்ல? போர்டுல அதுக்கு தனி ஹெடர் (கேபிள் சொருகுற இடம்) வேணும், சின்னதா யுஎஸ்பி மாதிரியே இருக்கும். இருக்கா?

தம்பி [9:04]: இல்ல அண்ணா 😐 19 பின் யுஎஸ்பி 3 மட்டும் இருக்கு.

அண்ணன் [9:05]: அப்ப அந்த டைப்-சி சும்மா ஓட்டைதான். வேணுமா?

தம்பி [9:05]: வேண்டாம், விடுங்க.