மேட்டையும் மரத்தையும் காப்பாற்ற யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. லேண்ட்ஸ்கேப் வடிவமைப்பில் தனியாகத் தொழில் தொடங்கிய பிறகு எனக்கு வந்த முதல் பொது விளையாட்டிடம் இது. நிலத்தில் ஒரு பெரிய மரம், பக்கத்தில் ஒரு மண்மேடு. மேட்டைச் சமப்படுத்தி, ரப்பர் தரை போட்டு, ரெடிமேட் சறுக்குமரத்தை நட்டால் போதும் என்கிறார்கள் குடியிருப்புக் குழுவினர். எனக்கு மனசு வரவில்லை. அளவெடுக்கப் போன அன்று நாலு பிள்ளைகள் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு அந்த மேட்டில்தான் சறுக்கிக்கொண்டிருந்தார்கள், ஒரு சின்னப் பெண் மட்டும் வேர்களுக்கு நடுவே உட்கார்ந்து டப்பா மூடியில் ஈரமண்ணை அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

டச்சுக் கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக் 1947-லிருந்து ஆம்ஸ்டர்டாமில் மணல்தொட்டி, தாண்டும் கற்கள், கம்பி வளைவு போன்ற எளிய பொருட்களை வைத்தே நூற்றுக்கணக்கான விளையாட்டிடங்களை அமைத்தார், அந்த வழியில்தான் போக ஆசை.

சிக்கல் தரையில்தான். ரப்பருக்குப் பதில் மரச்சில்லு, அதாவது சின்ன மரத்துண்டுகள், பரப்பலாம் என்று பார்க்கிறேன். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்க மரச்சில்லு 20 செ.மீ. வேண்டும், கால்பட்டுச் சிதறும் என்பதால் இன்னும் 10 செ.மீ. சேர்க்க வேண்டும். அவ்வளவையும் வேர்மேல் கொட்டினால் மரம் தாங்குமா? அப்புறம், சக்கரநாற்காலியில் வரும் பிள்ளை அதில் எப்படி மேடுவரை போகும்? இப்படி வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால், என்ன போட்டீர்கள், இரண்டு மழைக்குப் பிறகு அது எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். படம் இருந்தால் இன்னும் நல்லது. அடுத்த கூட்டத்துக்குள் குழுவிடம் வரைபடம் காட்டியாக வேண்டும்.