மதியத்தில் மட்டும் நின்றுபோகும் கார் ஏ.சி.

காலையில் ஏ.சி. நன்றாகக் குளிரும். மதிய வெயிலில், நெரிசலில் கொஞ்ச நேரம் ஓடினால் வெறும் காற்றுதான். ஒர்க்‌ஷாப்பில் கேஸ் அழுத்தம் பார்த்தார்கள், சரியாக இருந்தது. உடனே "கம்ப்ரசர் போச்சு, மாத்திடலாம்" என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. உள்ளே கெட்டுப்போன கம்ப்ரசர் காலையில் மட்டும் எப்படி அவ்வளவு குளிரும்?

தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனேன். ஏ.சி. நின்றிருந்த நேரத்திலேயே பானெட்டைத் திறந்து பார்த்தார். பெல்ட்டோடு கம்ப்ரசரின் புல்லி சுற்றுகிறது, முன்னால் இருக்கும் கிளட்ச் தகடு அசையவில்லை. கரண்ட் வந்ததும் கிளட்ச் காயில் காந்தமாகி இந்தத் தகட்டைப் புல்லியோடு ஒட்ட வைத்தால்தான் கம்ப்ரசர் சுற்றும். ஃபியூஸ் சரி. ஏ.சி. ரிலே (கிளட்சுக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) இருந்த இடத்தில் அதே எண் கொண்ட ஹார்ன் ரிலேயை மாட்டினார், மாற்றமில்லை. கிளட்ச் கனெக்டரைக் கழற்றி அளந்தால் 13.8 வோல்ட். இங்கேதான் பலரும் "கரண்ட் வருது, காயில்தான் போச்சு" என்று முடித்துவிடுவார்கள். அவர் கனெக்டரைத் திரும்ப மாட்டி, பின்பக்கமாக மீட்டர் முனையை நுழைத்து மறுபடி அளந்தார்: 9.4! கழற்றி வைத்த ஒயரில் கரண்ட் ஓடாது, அதனால் வழியில் இருக்கும் தடை மீட்டரில் தெரியாது. இந்த வகைக் காயில் 3, 4 ஆம்பியர் இழுக்கக்கூடியது. மாட்டி வைத்து அந்தக் கரண்ட் ஓடும்போதுதான் குட்டு வெளிப்படும்.

மீதி 4.4 எங்கே போகிறது? பேட்டரி பிளஸ்ஸிலிருந்து காயில் வரை 0.2தான். காயிலின் எர்த் முனைக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே 4.2. எர்த் ஒயர் பாடியில் சேரும் போல்ட்டுக்கு அடியில் துரு. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியதும் டக்கென்று கிளட்ச் பிடித்தது. செப்புக் காயில் சூடானால் அதன் தடையும் ஏறும். அதனால்தான் காலையில் சமாளித்தது, மதியம் கைவிட்டது.

*

இதற்கு இன்னொருவர் எழுதிய பதில்: அண்ணே, இதே அறிகுறி என் காரிலும் வந்தது. ஆனால் மாட்டிய நிலையில் அளந்தும் வோல்டேஜ் குறையவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துப் பார்த்தால் தகட்டுக்கும் புல்லிக்கும் இடைவெளி 0.9 மி.மீ. அந்தக் கம்ப்ரசருக்கு 0.3 முதல் 0.6 வரைதான் இருக்கலாம். தேய்ந்து தேய்ந்து கூடிவிட்டது. சூடான காயிலுக்கு அவ்வளவு தூரம் இழுக்கப் பலம் போதவில்லை. தகட்டுக்குப் பின்னால் இடைவெளிக்காக வைத்திருந்த மெல்லிய ஷிம் வாஷர் ஒன்றை எடுத்ததும் சரியாகிவிட்டது.

சில புதிய கார்களில் கிளட்சே கிடையாது, கம்ப்ரசருக்குள் இருக்கும் வால்வுக்குத் துடிப்புத் துடிப்பாக மின்சாரம் போகும். அங்கே சாதாரண மீட்டர் சராசரியைத்தான் காட்டும். அதை வைத்து முடிவு கட்டாதீர்கள், முதலில் ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) போட்டுப் பாருங்கள்.