"எந்த புளோக்?" – சிடி ஆஞ்சியோவும் கை ஆஞ்சியோவும்

உட்லண்ட்ஸ்காரர், 58 வயது:

மேம்பாலப் படி ஏறினாலே நெஞ்சு இறுக்கம். பலதுறை மருந்தகத்திலிருந்து இதய நிபுணரிடம் அனுப்பினார்கள். முதலில் சிடி ஆஞ்சியோகிராம், அதாவது சாய மருந்து ஏற்றி இதயத்தின் இரத்தக் குழாய்களைப் படம் எடுக்கும் ஸ்கேன். முந்தின நாளிலிருந்தே கோப்பி கூடாது. எனக்கு அதுதான் பெரிய தண்டனை. நாடித்துடிப்பு 78 இருந்தது. 60-க்குப் பக்கத்தில் இறங்கினால்தான் படம் கலங்காமல் வருமாம். மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். (ஆஸ்துமா இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், அந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.) சாய மருந்து ஏறியதும் தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சூடு பரவியது. கால்சட்டையை நனைத்துவிட்டேனோ என்று பதறிவிட்டேன். "எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் அங்கிள்" என்று தாதி சிரித்தார்.

முக்கியமான குழாயில் 70 விழுக்காடு அடைப்பு என்று முடிவு வந்தது. வீட்டுக்குப் போன் போட்டு "புளோக் இருக்காம்" என்றேன். "எந்த புளோக்?" என்று கேட்டாள் மனைவி. அடுக்குமாடி புளோக்கில் வீடு பார்க்கப் போயிருக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள்!

குழாய்ச் சுவரில் படிந்த சுண்ணாம்பைக் காட்டும் கால்சியம் மதிப்பெண்ணும் 480, அதிகம்தான். சுண்ணாம்புப் படிவு நிறைய இருந்தால் சிடி படத்தில் அது ஊதித் தெரியும், குழாய் உள்ளதைவிடக் குறுகலாகத் தோன்றலாம் என்றார் மருத்துவர். அதனால் மணிக்கட்டு வழியாக இதயம் வரை மெல்லிய குழாய் விட்டுப் பார்க்கும் ஆஞ்சியோ. மரத்துப்போக ஊசி போட்டபோது மட்டும்தான் வலி. அப்புறம் மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே விட்டு, அடைப்புக்கு முன்னும் பின்னும் இரத்த அழுத்தத்தை அளந்தார்கள். பின்னால் உள்ள அழுத்தத்தை முன்னால் உள்ளதால் வகுத்து வரும் எண் 0.80 அல்லது அதற்குக் கீழே என்றால் ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) பேச்சு வரும். எனக்கு 0.86. மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கை மட்டும் ஒரு வாரம் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது.

ஜூரோங்வாசி:

அண்ணே, எனக்கு நேர் எதிர். டிரெட்மில் சோதனையில் 9 நிமிடம் தாக்குப்பிடித்தேன், ஈசிஜி சுத்தம். ஆனாலும் வலி நிற்கவில்லை. நான்கு மாதம் கழித்து சிடி எடுத்தால் இரண்டு குழாயில் அடைப்பு. டிரெட்மில் குழாயைப் பார்ப்பதில்லையே. நடக்கும்போது இதயத் தசைக்கு இரத்தம் பற்றாமல் போகிறதா என்று ஈசிஜி கோட்டில் தேடுகிறது, அவ்வளவுதான். சில நேரம் தவறவிடும். ஆஞ்சியோவுக்கு முன்பே ஸ்டென்ட்டுக்கும் கையெழுத்து வாங்கியிருந்ததால், படுத்த மேசையிலேயே வைத்து முடித்துவிட்டார்கள்.

உட்லண்ட்ஸ்காரர்:

ஒன்று விட்டுப்போச்சு. இரண்டு ஆஞ்சியோவிலும் சாய மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீரகம் சுணங்கினால் நீரிழிவு மாத்திரை மெட்ஃபார்மின் உடம்பில் தங்கிவிடலாம், அதனால் அதைச் சாப்பிடுகிறவர்கள் தேதி குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள்.