கவுன்டர்வெயிட் கட்டுற இடத்துல நூல் அறுந்துகிட்டே இருக்கு, உதவுங்க

வண்டு:
5ஏ, அதான் நூலை விரல்ல மாட்டாம முனையில ஒரு எடையைக் கட்டி ஆடுற யோயோ ஆட்டம், பழகலாம்னு அந்த எடையை, கவுன்டர்வெயிட்டை, சொந்தமா செஞ்சேன். நல்லாத்தான் சுத்துது. ஆனா கொஞ்ச நேரத்துல நூல் அறுந்து வெயிட் தனியா பறந்துடுது. டியூப் லைட்டு மயிரிழையில தப்பிச்சுது. நூல் மாத்தியும் அதே கதைதான். சீக்கிரம் சொல்லுங்க, வீட்ல யோயோவையே பிடுங்கி வைக்கப் போறாங்க.

பகடைப்பிரியன்:
எதுல செஞ்சீங்க? எடை எவ்வளவு? அறுறது வெயிட் கிட்டயா, யோயோ அச்சு கிட்டயா? அச்சு கிட்டன்னா வெயிட்டைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்ல.

கயிறு_திரிப்பவன்:
எல்லாம் முறுக்குதான். எறிய எறிய நூல்ல முறுக்கு ஏறும், இல்லன்னா பிரியும். ரெண்டுமே முடிச்சைத்தான் முதல்ல பதம் பார்க்கும். யோயோவைக் கையில பிடிச்சுக்கிட்டு வெயிட்டைச் சும்மா தொங்க விடுங்க. தானா சுத்திச் சுத்தி நூல் நிதானத்துக்கு வந்துடும். 5ஏ-ல இது ஒரு சௌகரியம், விரல்ல இருந்து கண்ணியைக் கழட்டி மாட்டுற வேலையே இல்ல. போட்டிருக்கிறது பருத்தி நூலா?

பழைய_அச்சு:
தம்பி, விரல்ல மாட்டி ஆடுற 1ஏ ஒழுங்கா வருதா முதல்ல? பைண்ட் போட்டா, அதான் நூலை மடிச்சு உள்ளே சிக்க வச்சா, யோயோ கைக்குத் திரும்புதா? 1999-ல யோயோ ஆட்டக்காரர் ஸ்டீவ் பிரவுன் விரல் கண்ணியை விட்டுட்டு நூல் முனையில எடையைக் கட்டினாருன்னா, அவர் அதுக்கு முன்னாடியே விரல்ல மாட்டி ஆடுறதுல கரை கண்டவர். இப்ப என்னடான்னா யோயோ வாங்குன மறுநாளே ஃப்ரீஹேண்ட், அதான் இந்த 5ஏ. நூல் அறாம என்ன செய்யும்?

தூங்காயோயோ:
அண்ணே, பைண்ட் வரலன்னா யோயோ திரும்பாது, அவ்வளவுதான். அதுக்கும் நூல் அறுறதுக்கும் என்ன சம்பந்தம்? கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.

வண்டு:
வெயிட் கிட்டதான் அறுது. பாலியெஸ்டர் நூல். முடிச்சு அவிழல, முடிச்சு அப்படியே இருக்கு, பக்கத்துலதான் பிய்யுது. எடை தெரியல, தராசு இல்ல.

எட்டாம்விரல்:
அப்போ ஓட்டையோட விளிம்புதான். கவுன்டர்வெயிட்டா மாட்டுற துளை போட்ட பகடைல இது சகஜம். ட்ரில் வெளிய வர்ற பக்கம் பிசிறு நிக்கும், கண்ணுக்குத் தெரியாது, நகத்தால தடவினா தெரியும். துளையை விடப் பெரிய பிட்டு ஒண்ணைக் கையிலேயே பிடிச்சு ரெண்டு பக்கமும் லேசாத் திருகுங்க, விளிம்பு சரிஞ்சுடும். அக்ரிலிக்கா இருந்தா வேகமா துளைக்காதீங்க. சூட்டுல உருகி பிட்டோட ஒட்டிக்கும், அப்புறம் ஆறும்போது உள்ளே கரடுமுரடா நிக்கும்.

கயிறு_திரிப்பவன்:
முனையை நெருப்புல காட்டிடுங்க. பாலியெஸ்டர் உருகி மணி மாதிரி திரண்டுடும்.

எட்டாம்விரல்:
தயவுசெஞ்சு முடிச்சுலயே காட்டாதீங்க. உருகின இடம் விறைச்சுப் போயி அடுத்த தடவை அங்கயே ஒடியும். முடிச்சைத் தாண்டி நிக்கிற வால்ல மட்டும் காட்டலாம். பருத்தின்னா உருகவே உருகாது, கருகும்.

பகடைப்பிரியன்:
வண்டு, எதுல செஞ்சீங்கன்னு இன்னும் சொல்லலையே!

வண்டு:
சொல்லலையா? நட்டுதான். ரெண்டு நட்டைப் பசை போட்டு ஒட்டி மேல இன்சுலேஷன் டேப் சுத்தியிருக்கேன். நூலை ஓட்டை வழியா விட்டு நட்டைச் சுத்திக் கண்ணியா மாட்டிருக்கேன்.

பழைய_அச்சு:
மரை கழண்டது யாருக்குன்னு இப்பத் தெரியுது.

எட்டாம்விரல்:
கழண்டிருந்தாத்தான் நல்லா இருந்திருக்கும். நட்டுக்குள்ள இருக்கிற மரை அறுக்குது, அதான் விஷயம். டேப்பை வெளிய சுத்திட்டீங்க, உள்ளே ஒவ்வொரு புரியும் ரம்பப் பல்லாட்டம் நிக்குது. ஒவ்வொரு எறிதலுக்கும் நூல் அதுமேல முன்னும் பின்னும் தேயுது. நூலை எத்தனை தடவை மாத்தினாலும் இதே கதிதான்.

சரி, எடை. யோயோ எத்தனை கிராம்?

வண்டு:
பெட்டியில 66 கிராம்னு இருக்கு.

எட்டாம்விரல்:
போதும். ஸ்கேலோட நட்டநடுவைப் பென்சில் மேல நிறுத்துங்க. ஒரு பக்கம் யோயோவோட மையம் பென்சில்ல இருந்து 2 செ.மீ. தள்ளி இருக்கட்டும். மறுபக்கம் வெயிட்டை நகர்த்திக்கிட்டே போங்க, எங்க சமமா நிக்குதோ அந்தத் தூரத்தைச் சொல்லுங்க.

வண்டு:
6 செ.மீ. கிட்ட நிக்குது.

எட்டாம்விரல்:
66-ஐ 2-ஆல பெருக்கி 6-ஆல வகுத்தா 22 கிராம். ரொம்ப அதிகம். பொதுவா எல்லாரும் ஆடுறது 10 கிராமுக்குப் பக்கத்துல. ரொம்பக் குறைஞ்சா நூல் தொய்ஞ்சு வெயிட் சொன்னபடி வராது, கூடினா வெயிட் பட்டு விரல் மொளி பேந்துடும். ஒரு நட்டைக் கழட்டுங்க. மிச்ச நட்டோட ஓட்டையில, கையால பிசைஞ்சு வைக்கிற எபாக்சியை அடைச்சு, நட்டநடுவுல காலி ரீஃபில் குழாய் ஒரு துண்டைச் செருகி இறுக விடுங்க. நூல் குழாய்க்குள்ள போகும், மரையைத் தொடவே தொடாது. முனையில ஒரு சின்ன மணியைக் கோத்து முடிச்சு. குழாய் நடுவுல இல்லன்னா வெயிட் கோணிக்கிட்டுச் சுத்தும், பார்த்துக்கோங்க. வெளிய தடிமனான ரப்பர் வேணும். வெறும் டேப் நாளைக்கே கிழியும், அப்புறம் அலுமினிய யோயோ மேல பட்டா பள்ளம்தான்.

கயிறு_திரிப்பவன்:
இதுக்கு மீன்பிடிக்கிற ஈயக்குண்டே போதுமே. மெத்துன்னு இருக்கும், துளையும் உண்டு.

தூங்காயோயோ:
நாள் முழுக்க உள்ளங்கையில பிடிக்கிற பொருள் அது. ஈயம் கையில ஒட்டும், அதே கையால சாப்பிடுவோம். வேணவே வேணாம். நட்டும் வேணாம்னுதான் நான் சொல்லுவேன். 25 மி.மீ. ரப்பர் பந்து 9 கிராம் சுமாருக்கு வரும், நடுவுல துளை போட்டா வேலை முடிஞ்சுது.

பகடைப்பிரியன்:
பந்து விரல்ல நிக்காது, நழுவிடும். பகடைன்னா முகம் இருக்கு, பிடிச்சா பிடிச்ச இடத்துல நிக்கும்.

தூங்காயோயோ:
முகம் இருக்கு, கூடவே எட்டு மூலையும் இருக்கு. உங்க மொளிகிட்ட கேளுங்க.

பகடைப்பிரியன்:
மூலையைத் தேய்ச்சு மழுங்கடிக்கத் தெரியாதவங்க பேச்சு அது. 16 மி.மீ. அக்ரிலிக் பகடை 5 கிராம்கூட வராது, மொளிக்கு என்ன ஆகப் போகுது?

தூங்காயோயோ:
5 கிராம்ல 66 கிராம் யோயோவா? இப்பத்தானே தொய்ஞ்சு போகும்னு சொன்னாங்க. 19 மி.மீ. போடுங்க, 8 கிராம் வரும், அப்புறம் மொளியைப் பத்திப் பேசலாம்.

வண்டு:
ஒரு நட்டு, ரீஃபில், எபாக்சி. அறல. நன்றி எட்டாம்விரல்.

எட்டாம்விரல்:
வெளிய ரப்பர் போட்டீங்களா?

பழைய_அச்சு:
ஆள் போயாச்சு. பைண்ட் வருதான்னு நான் கேட்டதுக்குக் கடைசி வரைக்கும் பதில் இல்ல.

பகடைப்பிரியன்:
19 மி.மீ. பகடைதான் நானும் வச்சிருக்கேன் தூங்காயோயோ. மூலை மழுங்கினது. மொளி நல்லாத்தான் இருக்கு.