1902இல் பிரமால் லேனில் வென்றது நோபிளா, புகையா?

ஸ்கோர்ஏடு:
ஷெஃபீல்டு நகரின் பிரமால் லேன் மைதானத்தைப் பற்றி எஃகுநகரன் நேற்று எழுதியதைப் படித்தேன். 1902 ஜூலையில் அங்கு நடந்த ஒரே டெஸ்ட் போட்டியில் ஆலைப் புகைதான் இங்கிலாந்தைத் தோற்கடித்ததாம். மைதானம் அழிந்ததும் அதனால்தானாம். ஆஸ்திரேலியா 143 ஓட்டங்களில் வென்ற அந்த ஆட்டத்தில் அவர்களின் பந்துவீச்சாளர் மான்ட்டி நோபிள் முதல் இன்னிங்ஸில் 51 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளும், இரண்டாவதில் 52 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளும் சாய்த்தார். புகை பந்து வீசியதாக எந்த ஸ்கோர் அட்டையும் சொல்லவில்லை.

எஃகுநகரன்:
ஸ்கோர் அட்டையில் வெளிச்சத்துக்கு இடம் கிடையாது, ஐயா. முதல் நாள் மாலை மங்கிய வெளிச்சத்தில் ஆட நேர்ந்ததால்தான் இங்கிலாந்து 145க்குச் சுருண்டது. வெளியூர் அணி மட்டை பிடிக்கும்போது உலைகளில் கூடுதலாகக் கரி அள்ளிப் போடுவார்கள் என்று ஒரு கதையே அந்த ஊரில் உண்டு.

ஸ்கோர்ஏடு:
அந்தக் கதைப்படி திணறியிருக்க வேண்டியவர்கள் ஆஸ்திரேலியர்கள் அல்லவா? அதே வானத்தின் கீழ்தான் கிளெம் ஹில் 119 அடித்தார். உங்கள் புகை ஆள் பார்த்துத்தான் கண்ணை மறைக்குமோ?

கோல்கம்பம்:
மைதானம் அழிந்தது என்று இருவருமே எப்படிச் சொல்கிறீர்கள்? ஷெஃபீல்டு யுனைடெட் கால்பந்து அணி இன்றும் அங்கேதான் ஆடுகிறது. 1878 அக்டோபரிலேயே மின்விளக்கு வெளிச்சத்தில் கால்பந்து நடந்த இடம் அது.

ஸ்கோர்ஏடு:
ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டிய கதையைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். 1855இல் கிரிக்கெட்டுக்காகத் திறந்த மைதானம் அது. 1889இல் பிறந்த உங்கள் யுனைடெட், பெயரைக்கூட அங்கிருந்த கிரிக்கெட் கிளப்பிடமிருந்துதான் பெற்றது. 1973 ஆகஸ்ட் 7 அன்று கவுண்டி கிரிக்கெட் அணிகளான யார்க்ஷயரும் லங்காஷயரும் கடைசி ஆட்டத்தை டிராவில் முடித்துக்கொண்டு வெளியேறின. 1975இல் அந்த ஆடுகளத்தின் மேலேயே கால்பந்துப் பார்வையாளர்களுக்கான தெற்கு ஸ்டாண்டு எழுந்து நின்றது. அழியவில்லை என்றால் பிட்ச் எங்கே என்று காட்டுங்கள்.

கோல்கம்பம்:
உங்கள் கிரிக்கெட்டுக்காகக் கால்பந்து ரசிகர்கள் அத்தனை ஆண்டுகள் மூன்று பக்க ஸ்டாண்டுகளோடு ஒப்பேற்றினார்கள். நான்காவது பக்கம் திறந்தே கிடந்தது. நன்றி சொல்ல வேண்டாம், வசை பாடாமலாவது இருக்கலாம். ஓவல் மைதான விவாதத்திலும் கால்பந்து என்றதும் உங்களுக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஸ்கோர்ஏடு:
ஓவல் விவாதத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவியவர் நீங்கள். அதை இங்கே இழுத்து வர வேண்டாம்.

எஃகுநகரன்:
இருவரும் சண்டையை முடித்துவிட்டு இதற்கு விடை சொல்லுங்கள்: புகை ஒரு பொருட்டே இல்லை என்றால், 1902க்குப் பிறகு பிரமால் லேனுக்கு ஏன் இன்னொரு டெஸ்ட் கிடைக்கவில்லை?

ஸ்கோர்ஏடு:
1899இலேயே டெஸ்ட் நடத்திவிட்ட ஹெடிங்லி மைதானம், ஷெஃபீல்டு இருக்கும் அதே யார்க்ஷயரில் இருந்தது, விடை அவ்வளவுதான். நான் கேட்டதற்குத்தான் இன்னும் பதில் வரவில்லை. நோபிள் வீழ்த்திய பதினொரு விக்கெட்டுகளில் எவையெவை புகையின் கணக்கில் சேரும் என்று வரிசையாக எழுதுங்கள்.

எஃகுநகரன்:
முதல் நாள் மாலை விழுந்தவை அனைத்தும்.

ஸ்கோர்ஏடு:
அன்று எதிர்முனையில் வீசிய சாண்டர்ஸும் அந்த இன்னிங்ஸில் 50 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள் எடுத்தார். அவரையும் புகைபோக்கியில் ஏற்றிவிடுகிறீர்களா?