இன்டெலா, ஏஎம்டியா: எதில் பணம் போடலாம்?

மணிமாறன்:
கணினிச் சிப் செய்யும் இந்த ரெண்டு அமெரிக்க நிறுவனங்களில், 2024 ஆகஸ்டில் இன்டெல் டிவிடெண்டை (பங்குதாரருக்குத் தரும் லாபப் பங்கை) நிறுத்துவதாக அறிவித்ததும் அதன் பங்கு ஒரே நாளில் 26 விழுக்காடு விழுந்தது. அப்போதே பலர் கருமாதிக்கு நாள் குறித்துவிட்டார்கள். ஓராண்டு கழித்து அமெரிக்க அரசே பங்குக்கு 20.47 டாலர் என்று கணக்குப் போட்டு ஏறக்குறைய 10 விழுக்காட்டை எடுத்துக்கொண்டது. அடுத்த மாதமே ஏஐ சிப் செய்யும் என்விடியா 500 கோடி டாலர் போடுவதாகச் சொன்னது. இவர்களெல்லாம் விவரம் தெரியாதவர்களா? என் ஓட்டு இன்டெலுக்கே.

செல்வி:
அரசு எங்கே புதுப் பணம் கொண்டுவந்தது? மானியமாகத் தருவதாக இருந்ததைப் பங்காக மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான். மானியமாகவே வந்திருந்தால் பழைய பங்குதாரருக்கு நட்டமில்லை. இப்போது பங்குகளின் எண்ணிக்கை கூடி, அவர்கள் பங்கு நீர்த்துப்போனதுதான் மிச்சம்.

ஏஎம்டியைப் பாருங்கள். 2015-இல் பங்கு 2 டாலருக்கும் கீழே கிடந்தது. 2019-இல் வந்த எபிக் சர்வர் சிப்பில் 64 கோர் (கணக்குப் போடும் பகுதி). இன்டெலின் வழக்கமான சர்வர் சிப்பில் அப்போது 28தான். எபிக்கையும் ஏஎம்டி ஒரே பெரிய சில்லாகச் செய்யவில்லை. எட்டுச் சிறு துண்டுகள், நடுவில் ஒன்று. ஒரு துண்டு பழுதானால் அதை மட்டும் ஒதுக்கிவிடலாம், முழுச் சிப்பும் வீணாகாது. இன்டெலோ 10 நானோமீட்டர் என்ற தன் சிப் தயாரிப்புத் தொழில்நுட்பத்தை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் திணறியது.

மணிமாறன்:
அந்த எட்டுத் துண்டுகளையும் செய்து கொடுத்தது, பிறருக்குச் சிப் தயாரித்துத் தரும் தைவானின் டிஎஸ்எம்சி. 2009-இலேயே ஆலைகளைப் பிரித்துக் கொடுத்துவிட்ட ஏஎம்டி இன்று ஆப்பிள், என்விடியாவோடு அதே வரிசையில்தான் நிற்கிறது. தைவானில் ஏதாவது ஆனால்? இன்டெலுக்கு அரிசோனாவில் சொந்த ஆலை ஓடுகிறது.

குமரேசன்:
ரெண்டு பேரும் சண்டை போடுங்கள், ஏஐ பணத்தை என்விடியா அள்ளிக்கொண்டு போகட்டும். செல்வி, நீர்த்துப்போவதைப் பற்றி நீங்களா பேசுவது? 2025 அக்டோபரில் சாட்ஜிபிடி நிறுவனமான ஓபன்ஏஐக்குக் கொடுக்க ஏஎம்டி ஒப்புக்கொண்டது 16 கோடிப் பங்கு வரை, அதுவும் பங்குக்கு ஒரு சென்ட் விலையில்! சரக்கு வாங்க வருபவனுக்குக் கடையிலேயே பங்கா?

செல்வி:
சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை சார். சிப்பை வாங்கி நிறுவ நிறுவத்தான் தவணை தவணையாகக் கிடைக்கும். கடைசித் தவணைக்கு ஏஎம்டி பங்கு 600 டாலரைத் தொட்டாக வேண்டும். அது நடந்தால் எனக்கென்ன வருத்தம்?

மணிமாறன், சொந்த ஆலை என்கிறீர்களே, 2024-இல் மட்டும் இன்டெலின் ஆலைப் பிரிவு 1,300 கோடி டாலருக்கு மேல் நட்டம். வெளியிலிருந்து பெரிய வாடிக்கையாளர் கிடைக்காவிட்டால் 14ஏ என்ற அடுத்த தலைமுறைத் தயாரிப்புத் தொழில்நுட்பத்தையே கைவிட நேரலாம் என்று 2025 ஜூலையில் அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

மணிமாறன்:
அந்த வாடிக்கையாளர் வந்த பிறகு வாங்கலாம் என்று உட்கார்ந்திருந்தால் விலை எட்டாது. முந்திப் போனால்தான் லாபம்.

செல்வி:
2021-இல் கெல்சிங்கர் இன்டெலுக்குத் தலைமைச் செயல் அதிகாரியாகத் திரும்பி வந்தபோதும் இதே பேச்சுதான் ஓடியது. அன்று விலை 60 டாலர்ப் பக்கம். முந்திப் போனவர்கள் 2024-இல் அதை 20-க்கும் கீழே பார்த்தார்கள்.